பெண்கள் பிரிவில் யார் ஓடலாம்?

2025 செப்டெம்பர் 14, உப்புவெளி வாசகர் ஒருவரின் கேள்வி

டோக்கியோவில் உலக மெய்வல்லுநர் போட்டி தொடங்கிவிட்டது. பெண்கள் பிரிவில் ஓடுகிற எல்லாரும் பரம்பரையலகுப் (மரபணுப்) பரிசோதனை செய்துவிட்டுத்தான் வரவேண்டுமாம். ஆண்களிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இது அநியாயம் இல்லையா? ஓடக்கூடியவர் ஓடட்டும், வெல்லக்கூடியவர் வெல்லட்டும். ஆண், பெண் என்ற பிரிவே எதற்கு? வலயப் போட்டிகளில் முடிவுக்கோட்டில் நேரம் எடுக்கிற அக்கா இங்கே இருக்கிறார், அவர் சொல்லட்டும்.

2025 செப்டெம்பர் 14, இரவு

சரி, பிரிவை எடுத்துவிட்டுப் பார்ப்போம் தம்பி.

100 மீற்றரில் பெண்களின் உலக சாதனை 10.49 செக்கன். 1988இல் ஓடியது, இன்றுவரை நிற்கிறது. உசைன் போல்ட் 9.58. எங்கள் யுபுன் அபேகோன் 2022இல் 9.96. 800 மீற்றரில் பெண்களின் சாதனை 1:53.28, அது 1983இலிருந்து நிற்கிறது. ஆண்களுடையது 1:40.91. நீளம் பாய்தலில் 8.95 மீற்றருக்கு எதிரே 7.52. ஓட்டத்தில் பத்து வீதத்தை ஒட்டி வரும் இடைவெளி பாய்ச்சலில் இன்னும் விரிகிறது.

உலக சாதனையை விடுங்கள், நம் நாட்டுக்கு வருவோம். தருஷி கருணாரத்ன 2023இல் ஹாங்சோவில் 800 மீற்றரை 2:03.20இல் ஓடி ஆசியத் தங்கம் வென்றார். நானும் ஒரு காலத்தில் 800 ஓடியவள்தான், அன்று ரிவிக்கு முன்னால் குந்தியிருந்து கத்தினேன். ஆனால் தேசிய மட்டப் பாடசாலைப் போட்டிகளில் பையன்கள் இரண்டு நிமிடத்துக்குள் ஓடி முடிப்பது புதினமே இல்லை. ஒரே பிரிவாக இருந்தால் ஆசியாவின் தங்கப் பெண்ணுக்கு நம் பாடசாலைப் பையன்களின் இறுதிப் போட்டியில்கூட இடம் கிடைத்திருக்காது. சுசந்திகா 2000இல் சிட்னியில் 200 மீற்றரை 22.28இல் ஓடினார். கிடைத்தது வெண்கலம், மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிபோன பிறகு அது வெள்ளியானது. பெண்கள் பிரிவு என்று ஒன்று இல்லாவிட்டால் அவருடைய பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

ஆகவே பிரிவு வேண்டும். என் சண்டை அதில் இல்லை. வாசலில் நிற்கிற காவல்காரர் யாரை மறிக்கிறார், எப்படி மறிக்கிறார் என்பதில்தான். அதைப் பிறகு எழுதுகிறேன், அரிசி உலையில் கிடக்கிறது.

2025 செப்டெம்பர் 15

"சின்ன வகுப்பில் என் மகள் பையன்கள் எல்லாரையும் முந்துகிறாளே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முந்துவாள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் பெரிய வித்தியாசம் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டியில் அந்த வயதுப் பிள்ளைகளை ஒன்றாக ஓடவிட்டால் முதலாவதாக யார் வருவார் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

பருவம் வந்த பிறகுதான் கதை மாறும். பையன்களின் உடலில் தெஸ்தெஸ்தரோன் என்கிற ஆண் ஹோர்மோன் பல மடங்கு ஏறுகிறது. எலும்பு நீள்கிறது, தசை கூடுகிறது, இருதயமும் நுரையீரலும் பெரிதாகின்றன, இரத்தத்தில் ஹீமோகுளோபின் உயர்கிறது. வளர்ந்த ஆண்களின் தெஸ்தெஸ்தரோன் அளவு லீற்றருக்கு ஏறக்குறைய 8 முதல் 29 நனோமோல், பெண்களுடையது பெரும்பாலும் 2க்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் வெறும் இடம். அந்த வெறும் இடத்தில் கோட்டை எங்கே போடுவது, யாருக்குப் போடுவது என்பதில்தான் வழக்குகள் நடக்கின்றன.

2025 செப்டெம்பர் 16

தர்ஜினியை இழுத்துவிட்டார்கள். இழுப்பார்கள் என்று தெரியும்.

"தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து அங்குலம். வலைப்பந்தில் அவர் கையை உயர்த்தினால் மற்றப் பெண்கள் துள்ளினாலும் எட்டாது. அது மட்டும் நியாயமோ?" என்று யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. 2018இல் ஆசியக் கிண்ணத்தை நாம் வென்றதில் அவருடைய உயரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை நியாயமில்லை என்று நம் ஊரில் யாரும் சொல்லவில்லை, மற்ற ஊர்க்காரர்கள் முணுமுணுத்திருக்கலாம்.

என் பதில் இதுதான். எல்லா வித்தியாசத்துக்கும் பிரிவு வைக்க முடியாது. குத்துச்சண்டையில் எடைப் பிரிவு உண்டு, வலைப்பந்தில் உயரப் பிரிவு இல்லை. உயரம் அந்த விளையாட்டின் சரக்கு, அதை வைத்துத்தான் ஆடுகிறார்கள். பெண்கள் பிரிவு உண்டானது ஒரேயொரு வித்தியாசத்தை வெளியே நிறுத்துவதற்கு, ஆண் பருவம் உடலுக்குக் கொடுக்கிற பலத்தை. தர்ஜினியின் உயரம் அந்தப் பலம் அல்ல. உயரமான பெண் உயரமான பெண்தான்.

அண்ணன் உடனே திருப்பிக் கேட்டார்: "அப்படியென்றால் தென்னாபிரிக்காவின் 800 மீற்றர் ஓட்டக்காரி செமென்யா?" அங்கேதான் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். அவருக்குத் தனியாக எழுதவேண்டும்.

2025 செப்டெம்பர் 16, பின்னேரம்

இடையில் ஒரு பகிடி. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் தேங்காய் துருவும் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போன என் தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண்களுக்கு மட்டுமாம். வீட்டில் துருவுகிறது அவன்தான், மனுசி வேலைக்குப் போகிறவள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று கேட்டான். சறுக்குமரத்தில் பெண்களையும் ஏறவிட்டால் வழக்கை மீளப் பெறுவானாம்.

பகிடி இருக்கட்டும், பெண்களைச் சேர்க்காமல் விட்ட கதையும் உண்டு. 1992 பார்சிலோனாவில் ஸ்கீற் துப்பாக்கிச் சுடுதல் இரு பாலாருக்கும் ஒரே போட்டி. சீனாவின் சாங் ஷான் என்ற பெண் ஆண்கள் எல்லாரையும் தாண்டித் தங்கம் எடுத்தார். அடுத்த ஒலிம்பிக்கில், 1996இல், ஸ்கீற்றில் பெண்களுக்கு இடமே இல்லை. பெண்களுக்கென்று தனிப் போட்டி வந்தது 2000இல்தான். உடல் பலம் பெரிதாக வேலை செய்யாத விளையாட்டில் பிரிவு எதற்கு என்பதை நம் உப்புவெளித் தம்பி அங்கே போய்க் கேட்டால் நான் கூட நிற்பேன். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இன்றைக்கும் ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் போட்டியிடுகிறார்கள்.

2025 செப்டெம்பர் 18

"பரிசோதனை என்பது இப்போது வந்த புது மோடி" என்று ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்தவேண்டும். அது பழைய வியாதி.

1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் பெண்களை மருத்துவர்களுக்கு முன்னால் உடுப்பில்லாமல் நிறுத்திப் பார்த்தார்கள். 1968 மெக்சிக்கோவிலிருந்து கன்னத்து உட்தோலைத் துடைத்து நிறமூர்த்தம் (குரோமோசோம்) பார்க்கும் முறை வந்தது. விஞ்ஞானம் வந்துவிட்டது, இனி வெட்கக்கேடு இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவைப் பாருங்கள். ஒருமுறை பரிசோதனையில் தேறிப் பெண் என்ற சான்றிதழ் வாங்கியிருந்தார். 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழகப் போட்டிக்கு அந்தக் கடதாசியைக் கொண்டுபோக மறந்துவிட்டார். மறுபடி சோதித்தார்கள். நிறமூர்த்தம் XY, வழக்கமாக ஆண்களுக்கு இருப்பது. காயம் என்று சொல்லி விலகச் சொன்னார்கள், அப்போது விலகினார். அடுத்த வருடம் நாட்டுப் போட்டியில் துணிந்து ஓடி வென்றபோது விசயம் பத்திரிகைக்குப் போனது. பதக்கம், புலமைப்பரிசில், திருமணம் செய்ய இருந்தவர், எல்லாம் போயிற்று. அவருடைய உடலில் தெஸ்தெஸ்தரோன் இருந்தது, ஆனால் அதை எடுத்துக்கொள்ள உடலுக்கு முடியாது. ஒரு துளி நன்மையும் இல்லை. அதை நிரூபித்து 1988இல் மறுபடி உள்ளே வந்தார். அதற்குள் ஓடவேண்டிய வயது ஓடிவிட்டது.

1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்தார்கள். எட்டுப் பேருக்கு "ஆண்" அடையாளம் வந்தது. மேலதிகமாக ஆராய்ந்து எட்டுப் பேரையும் ஓடவிட்டார்கள். 1999இல், சரிவராது என்று ஒலிம்பிக் குழு எல்லாரையும் சோதிக்கும் முறையைக் கைவிட்டது. இப்போது, 2025 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து, உலக மெய்வல்லுநர் அமைப்பு அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை. கன்னத்துத் துடைப்பு அல்லது இரத்தம். தேடுவது, கருவில் ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கிற எஸ்ஆர்வை என்ற பரம்பரையலகை. ஒரு வித்தியாசம் முக்கியம், பட்டினோவுக்கு இருந்தது போன்ற நிலை உள்ளவர்களுக்கு இந்த முறை விலக்கு உண்டு.

2025 செப்டெம்பர் 19

மருத்துவம் படிக்கிற தம்பி ஒருவர், XX பெண், XY ஆண், அவ்வளவுதான், இதில் என்ன தலையிடி என்று எழுதியிருக்கிறார். தம்பி, நீங்கள் பரீட்சை எழுதுகிறீர்களா இல்லை உயர்தர விடைத்தாளை மனப்பாடமாக ஒப்பிக்கிறீர்களா? மேலே பட்டினோவை வாசித்துவிட்டு வாருங்கள். இந்தப் பரம்பரையலகை 1990இல் அடையாளம் கண்டவர்களில் ஒருவரான அவுஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்கிளேயரே இந்தப் புதிய விதியை எதிர்த்து எழுதியிருக்கிறார். அந்த அலகு இருக்கிறது என்று மட்டும்தான் பரிசோதனை சொல்லும், அது வேலை செய்ததா, ஆண் விதைச் சுரப்பி உருவானதா, ஹோர்மோனை உடல் பயன்படுத்தியதா என்று சொல்லாது என்கிறார்.

அதே நேரம் மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். முதல் சல்லடைக்கு இதைவிட எளிதான கருவி கிடையாது. அது கேள்வியைத் தொடங்கி வைக்கும், தீர்ப்பை அதன் கையில் கொடுத்தால்தான் பிழை.

2025 செப்டெம்பர் 20

புதுக்கோட்டைச் சாந்தியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். எழுதக் கை வரவில்லை, அதுதான்.

சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பர், டோஹா ஆசிய விளையாட்டு, 800 மீற்றரில் வெள்ளி. சில நாளில் பால் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். நான் ஓடிய அதே தூரம், நான் பேசுகிற அதே பாசை. அவரை உட்கார வைத்து உன் உடலில் இப்படி ஒரு விசயம் இருக்கிறது பிள்ளை என்று விளங்கப்படுத்த ஒருவரும் இருக்கவில்லை. ஊருக்கெல்லாம் தொலைக்காட்சி சொல்லியது. 2012இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறார் என்று செய்தி வந்தது. பிறகு பயிற்றுநர் வேலை கிடைத்தது, பதக்கம் திரும்பவில்லை.

எட்டு வருடம் கழித்து ஒடிசாவின் டூட்டி சந்துக்கு இதே மாதிரி நடந்தது. 2014இல் கொமன்வெல்த் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கினார்கள். ஆனால் அவருக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள், வழக்கறிஞர் வந்தார், நடுவர் மன்றம் போனார். 2015 ஜூலையில், தெஸ்தெஸ்தரோன் கூடிய பெண்களை மறித்த விதியை நிறுத்திவைத்தார்கள். இயற்கையாகக் கூடிய ஹோர்மோனால் எவ்வளவு நன்மை என்று அளந்து காட்டுங்கள், இரண்டு வருடம் தருகிறோம் என்று அமைப்பிடம் சொன்னார்கள். 2018இல் புது விதி வந்தபோது அது 400 மீற்றரிலிருந்து ஒரு மைல் வரைக்கும் மட்டும். டூட்டி ஓடுகிற 100, 200 வெளியே. அந்த வருடமே ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி எடுத்தார்.

இருவருக்கும் இடையில் நான் காண்கிற பெரிய வித்தியாசம் உடலில் இல்லை. பக்கத்தில் யார் நின்றார் என்பதில் இருந்தது.

2025 செப்டெம்பர் 21

இதை எழுதலாமா விடலாமா என்று யோசித்தேன். ஊர், பாடசாலை எதுவும் சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். கண்டுபிடித்தாலும் இங்கே எழுதாதீர்கள்.

ஒரு வலயப் போட்டி. 16 வயதுக்குட்பட்ட பெண்கள் 400 மீற்றர். வெயிலில் ஓடுசுவடு கொதிக்கிறது, கடற்காற்று கடைசி நேர்கோட்டில் முகத்தில் அடிக்கிறது. அந்தக் காற்றையும் வெட்டிக்கொண்டு ஒரு பிள்ளை தனியாக வந்தாள், இரண்டாவதாக வந்தவள் நன்றாகப் பின்னால். கட்டை மயிர், அகன்ற தோள், கொஞ்சம் தடித்த குரல். நான் மணிக்கூட்டை அமத்திவிட்டு நிமிர்வதற்குள் கூடாரத்தடியில் சத்தம். "அது பொடியன். பெட்டையாம் என்று கூட்டிக்கொண்டு வந்திருக்கினம்." சொன்னது இரண்டாவதாக வந்த பிள்ளையின் பெற்றார் ஒருவர். ஆட்சேபனைக்குக் காசும் கட்டினார். வந்த பொறுப்பாளர் ஒருவர், பெண் ஆசிரியை ஒருவரோடு பிள்ளையை அறைக்குள் அனுப்பிப் பார்க்கலாம் என்றார். 1966 புடாபெஸ்ட் நம் ஊருக்கு வந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, அந்தக் கதை தெரியாது. வயிற்றைப் பிசைந்தது மட்டும் ஞாபகம்.

தலைமை நடுவர் வயதான மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். "எந்த விதியின் கீழ்?" என்று கேட்டார். ஒருவரிடமும் பதில் இல்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கையில் இருக்கிறது, பெயர் சரி, வயது சரி, பால் சரி. "முடிவு நிற்கும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பிள்ளை பதக்கத்தோடு போனாள். மாகாணப் போட்டியில் அவளுடைய பெயர் பட்டியலில் இருந்தது, சுவடு காலியாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் நான் அவளைக் காணவில்லை.

2025 செப்டெம்பர் 22

நேற்றையதற்கு வந்த பதில்களில் ஒன்று: "அப்போது இரண்டாவதாக வந்த பிள்ளைக்கு நியாயம் வேண்டாமா?" வேண்டும். அந்தப் பிள்ளையும் விடியக்காலையில் எழும்பி ஓடினவள்தான். ஆனால் அவளுக்கு நடந்த அநியாயம் என்ன? அவளைவிட வேகமாக ஒருத்தி ஓடினாள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். தோளைப் பார்த்து, குரலைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதென்றால் வருடம் முழுவதும் வள்ளம் தள்ளுகிற, தண்ணீர்க் குடம் சுமக்கிற பிள்ளைகள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டி வரும்.

ஹாங்சோவிலும் இதுதான் நடந்தது. ஏழு நிகழ்ச்சிப் போட்டியில் நாலாவதாக வந்த இந்திய வீராங்கனை, வெண்கலம் எடுத்த தன் நாட்டுப் பெண்ணையே திருநங்கை என்று சமூக ஊடகத்தில் எழுதிவிட்டார். பிறகு அழித்தார். அழித்தால் போய்விடுமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற அல்ஜீரியப் பெண் பெண்தானா என்று கேட்கிறவர்களுக்கு: இமான் கெலிஃபின் மருத்துவ அறிக்கை உங்கள் கையில் இருக்கிறதா? என் கையில் இல்லை. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

2025 செப்டெம்பர் 25

செமென்யா. தள்ளிப்போட்டது போதும்.

2009 பெர்லின், பதினெட்டு வயது, 800 மீற்றர் 1:55.45. இறுதிப் போட்டிக்குச் சில மணி நேரத்துக்கு முன் அவரைப் பரிசோதிக்கிறார்கள் என்ற செய்தி கசிந்துவிட்டது. உலகமே பார்க்க அதைத் தாங்கிக்கொண்டு ஓடி வென்றார். பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவு, பெண்ணாக வளர்ப்பு, பெண்ணாக வாழ்க்கை. ஆனால் 2018 விதி XY நிறமூர்த்தமும், ஆண் அளவு தெஸ்தெஸ்தரோனும், அதைப் பயன்படுத்தும் உடலும் உள்ளவர்களைப் பற்றியது. மருந்து எடுத்து 5 நனோமோலுக்குக் கீழே கொண்டுவா, இல்லாவிட்டால் அந்தத் தூரங்களை ஓடாதே என்றது. அவர் மாட்டேன் என்றார். 2019 மே முதலாம் திகதி நடுவர் மன்றம் இரண்டுக்கு ஒன்றாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது, இது பாகுபாடுதான், ஆனால் பெண்கள் பிரிவைக் காக்கத் தேவையான பாகுபாடு என்று. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, சுவிட்சர்லாந்தில் அவருடைய வழக்கு நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று சொன்னது. விதி சரியா பிழையா என்பதற்குள் போகவில்லை.

விதிக்கு ஆதாரமாகக் காட்டிய 2017 ஆய்வுக்கு 2021இல் திருத்தம் போட்டார்கள். ஹோர்மோன்தான் காரணம் என்று நிரூபித்ததாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் என் முடிவு என்ன என்று யாழ்ப்பாணத்து அண்ணன் விடமாட்டார். சொல்கிறேன். ஆண் பருவத்தின் பலம் உடலில் வேலை செய்திருக்கிறது என்றால், உலக மட்டத்தில் பெண்கள் பிரிவில் கட்டுப்பாடு வைப்பதை என்னால் எதிர்க்க முடியவில்லை. இரண்டாவது, மூன்றாவதாக வந்தவர்களும் பெண்கள்தான். ஆனால் ஆரோக்கியமான ஒரு பிள்ளையிடம், ஓடுவதற்காக மருந்து குடி என்று சொல்வதை என் மனம் ஏற்கவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறது என்று தெரியும். மோதட்டும்.

2025 செப்டெம்பர் 27

திருநங்கைகள் விசயத்தில் நான் மழுப்புகிறேன் என்று குற்றச்சாட்டு. மழுப்பவில்லை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்றுதான் தனியாக வைத்தேன். செமென்யா திருநங்கை அல்ல. சாந்தியும் அல்ல.

ஆண் பருவத்தைத் தாண்டிய பிறகு ஹோர்மோனைக் குறைத்தால் பலம் எவ்வளவு குறைகிறது? அமெரிக்க விமானப் படையில் இருந்த திருநங்கைகளின் உடற்தகுதிப் பதிவுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. தண்டால் மாதிரியானவற்றில் இரண்டு வருடத்தில் வித்தியாசம் மறைந்துவிட்டது, ஓட்டத்தில் மட்டும் மற்றப் பெண்களைவிடப் பன்னிரண்டு வீதம் வேகமாகவே இருந்தார்கள். பன்னிரண்டு வீதம் என்பது 800 மீற்றரில் நேரம் எடுக்கிறவளுக்கு மலையும் மடுவும். நீச்சல் அமைப்பு 2022இலும், மெய்வல்லுநர் அமைப்பு 2023 மார்ச்சிலும், கிரிக்கெட்டின் ஐசிசி அந்த வருடக் கடைசியிலும் ஆண் பருவம் கடந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் போட்டியிடுவதைத் தடுத்தன. உச்ச மட்டத்தில் அது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

கூடவே ஒன்று. டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கிய நியூசிலாந்துத் திருநங்கை லோரல் ஹப்பார்ட் மூன்று முயற்சியிலும் தோற்றுப் பதக்கமில்லாமல் போனார். திருநங்கைகள் வந்து எல்லாப் பதக்கத்தையும் அள்ளுகிறார்கள் என்கிற பயமுறுத்தலுக்கு ஒலிம்பிக் பட்டியலில் ஆதாரம் இல்லை. நம் நாட்டில் 2016இலிருந்து பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி கொடுக்கப்படுகிறது. அது அடையாள அட்டைக்கு, வாழ்வதற்கு. ஒலிம்பிக் விதியை ஊர் மைதானத்துக்குக் கொண்டுவந்து, நிலாவெளிக் கடற்கரையில் புத்தாண்டு ஓட்டம் ஓட வந்த ஒருவரை மறிக்கிறவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. அங்கே பரிசு ஒரு பிளாஸ்ரிக் வாளி.

2025 செப்டெம்பர் 28

மூதூர் ரீச்சர் ஒருவர் எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்தேன். அவருடைய பாடசாலையில் 14 வயதுக்குட்பட்ட பெண்கள் ஓட்டத்துக்குத் தெரிவுப் போட்டி வைக்கவேண்டியிருக்கிறதாம், அவ்வளவு பேர். 18க்கு வரும்போது சுவட்டை நிரப்ப ஆள் தேடவேண்டும். பெரியபிள்ளையானதும் அம்மா மறிக்கிறார், பிறகு ரியூசன், பிறகு ஊர் என்ன சொல்லும். கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் முழுக்கை உடுப்பும் தலைத்துணியுமாக அந்த வெயிலில் ஓடுகிறார்கள், அதற்கும் ஒரு கூட்டம் குறை சொல்லும். "பொடியன் மாதிரி" என்ற ஒரு சொல் போதும் ரீச்சர், அம்மாக்கள் மகளைத் திரும்ப மைதானத்துக்கு அனுப்பமாட்டார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

டோக்கியோவில் பரிசோதனை எத்தனை பேரை வெளியே அனுப்பும் என்று விவாதிக்கிறோம். இந்த மாவட்டத்தில் பரிசோதனை இல்லாமலே எத்தனை பேர் வெளியே போகிறார்கள்.

2025 ஒக்டோபர் 2

வயதுப் பிரிவைப் பற்றி ஒருவர் கேட்டது பொருத்தமான கேள்வி. 14 வயதுக்குட்பட்ட ஓட்டத்தில் மீசை முளைத்த பையன் வந்து நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அங்கே ஏன் யாரும் அறைக்குள் கூட்டிப்போகச் சொல்வதில்லை? எல்லாப் பிள்ளையிடமும் முன்கூட்டியே பத்திரம் கேட்கிறோம், மெலிந்தவனிடமும் கேட்கிறோம், தடித்தவனிடமும் கேட்கிறோம். சந்தேகப்பட்டவனிடம் மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் அது யாரையும் அவமானப்படுத்துவதில்லை.

இதை வைத்துத்தான் எல்லாருக்கும் ஒரே பரிசோதனை என்பதற்கு நான் முதலில் சாய்ந்தேன். எல்லாரிடமும் அந்தக் கடதாசி இருந்திருந்தால் அந்த 400 மீற்றர்ப் பிள்ளையைப் பார்த்து ஒருவரும் வாய் திறந்திருக்க முடியாது.

2025 ஒக்டோபர் 3

இரவு நித்திரை வரவில்லை, மறுபக்கம் யோசித்தேன். கடதாசி "இல்லை" என்று வந்திருந்தால்?

பதினைந்து வயதுப் பிள்ளை. ஓடுவதற்குப் பெயர் கொடுக்கப் போய், தனக்கு XY என்று தெரிந்துகொள்கிறாள். யார் சொல்வார்? விளையாட்டுப் பொறுப்பாசிரியரா? தபாலில் வருமா? பிள்ளை பெற முடியுமா, கலியாணம் நடக்குமா என்று அந்த அம்மா கேட்கிற கேள்விக்கு யார் பக்கத்தில் இருந்து பதில் சொல்வார்? பிரான்சில் மருத்துவக் காரணம் இல்லாமல் இப்படிப் பரம்பரையலகுப் பரிசோதனை செய்வதைச் சட்டமே தடுக்கிறது, அவர்களுடைய வீராங்கனைகள் வெளிநாட்டில் செய்யவேண்டியிருந்தது. பரிசோதனைச் செலவுக்கு ஆளுக்கு நூறு டொலர் வரை தருகிறோம் என்கிறது உலக அமைப்பு. முடிவைக் கேட்ட பிறகு பிள்ளையோடு இருக்கிற ஆளுக்கு எவ்வளவு தருவார்கள்?

ஆகவே இப்போதைக்கு நான் நிற்கிற இடம் இது. உலகப் போட்டிக்குப் போகிற வளர்ந்த பெண்ணுக்கு, எல்லாருக்கும் ஒரே மாதிரி, மருத்துவரும் ஆலோசகரும் பக்கத்தில் இருக்க, இரகசியமாக. பாடசாலை மட்டத்தில் வேண்டவே வேண்டாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் போதும். அதனால் எப்போதாவது ஒரு வலயப் பதக்கம் பிழையான கழுத்தில் விழுந்தால் விழட்டும், உலகம் இடிந்துவிடாது.

2025 ஒக்டோபர் 4

மருத்துவம் படிக்கிற தம்பி திரும்பி வந்திருக்கிறார். பட்டினோவை வாசித்தாராம், பரீட்சையும் முடிந்ததாம். நல்லது. "அக்கா சொல்கிற இரகசியம் நம் ஊரில் சாத்தியமா" என்று கேட்கிறார். இல்லை தம்பி. அதனால்தான் பாடசாலையில் வேண்டாம் என்கிறேன்.

2025 ஒக்டோபர் 6

மூதூர் ரீச்சருக்கு. அடுத்த வலயப் போட்டியில் உங்களை நடுவராகப் போட்டிருக்கிறார்கள், இப்படி ஓர் ஆட்சேபனை வந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். நான் அந்த வயதானவரிடம் பார்த்ததைத்தான் சொல்லமுடியும்.

வாயால் சொல்வதைக் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். எழுதச் சொன்னாலே பாதிப் பேர் போய்விடுவார்கள். எந்த விதி என்று கேளுங்கள். பத்திரத்தைப் பாருங்கள், ஒருமுறை மட்டும். ஒலிவாங்கியில் பிள்ளையின் பெயரையோ இலக்கத்தையோ கூப்பிடாதீர்கள். பிள்ளையின் ஆசிரியரை ஓரமாக அழைத்து, முடிவு நிற்கிறது, மாகாணத்துக்கு ஆயத்தப்படுத்துங்கள் என்று சொல்லுங்கள். அன்று எங்களில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. முடிந்தால் பிறகு ஒருதரம் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். அறை, பெண் ஆசிரியை என்று யாராவது ஆரம்பித்தால் அந்த ஆளை மைதானத்துக்கு வெளியே அனுப்ப உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது, கூச்சப்படாமல் பாவியுங்கள்.

கட்டிய காசைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் வாங்கலாம்.